சட்டப்படி சூரியன் இருக்கும் இடம்

ஆகஸ்ட் 6

இன்று ஒரு சிறிய தவறைக் கண்டுபிடித்தேன். என்னுடையதுதான். வியாழன் கிரகத்தை நாற்பத்தாறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நான் பகலில் சான் எவாரிஸ்தோ நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவில் எழுத்தர். மாதாமாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க மாலை வகுப்புக்குப் போகிறேன். இந்த நோட்டு அந்த வகுப்புக்காக வாங்கியது. "கவனித்ததை மட்டும் எழுதுங்கள், கருத்து வேண்டாம்" என்று அறிவியல் ஆசிரியர் சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது. என் கருத்துகள் பெரும்பாலும் தவறாகவே முடிந்திருக்கின்றன.

மார்ச் மாதம் நகராட்சி மன்றம் பிரதான சாலையில் சூரியக் குடும்பத்தை அமைக்கத் தீர்மானம் போட்டது. மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கிகளைப் பார்க்க வருகிற பேருந்துகள் எங்கள் ஊரில் கழிப்பறைக்குக்கூட நிற்பதில்லை. கிரகங்களை வைத்தால் நிற்கும் என்பது மேயரின் எண்ணம். கணக்கு எளிது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள பதினைந்து கோடி கிலோமீட்டரை நூறு மீட்டராகச் சுருக்க வேண்டும். அப்போது புதன் 39 மீட்டரில் வரும், வெள்ளி 72-இல், பூமி 100-இல், செவ்வாய் 152-இல். வியாழன் 520. சனி 958. யுரேனஸ் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நெப்டியூன் 3,007, சாலையில் தார் முடிந்து புழுதி தொடங்கி வெகுதூரம் போன பிறகு.

எங்கள் ஊரில் கதவு எண்தான் மீட்டர். சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில், டாக்ஸி ஸ்டாண்ட் முனையில், எண் பூஜ்யம். அங்கிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிற வீட்டின் எண் 300. அதனால் அலுவலகத்தில் யாரும் நாடா பிடித்து எதையும் அளப்பதில்லை. கதவைப் பார்த்து எழுதிக்கொள்வோம். நானும் அப்படியே எழுதினேன்: வியாழன், 520-ஆம் கதவுக்கு எதிரே.

ஆனால் சூரியன் டாக்ஸி ஸ்டாண்டில் இல்லை. அங்கேதான் வைப்பதாக இருந்தது. ஓட்டுநர்கள் தங்கள் மரநிழலை விட்டுத்தர மறுத்துவிட்டார்கள். அதனால் சதுக்கத்தின் நடுவில், தண்ணீர் வற்றிப்போன நீரூற்றுக்குள் சூரியனை நட்டார்கள். நீரூற்றிலிருந்து டாக்ஸி ஸ்டாண்டுக்கு நாற்பத்தாறு மீட்டர். எல்லாக் கிரகங்களுக்கும் அதைக் கழிக்க மறந்துவிட்டேன்.

வியாழன் வரவேண்டிய இடம் 474-ஆம் கதவு. அங்கே மூடிக்கிடக்கும் திரையரங்கின் சுவரும், மேயரின் படம் போட்ட தகரப் பலகையும்தான் இருக்கின்றன. 520-க்கு எதிரே தோன்யா மெலானியா என்ற அம்மாளின் நீலத் தின்பண்டக் கடை இருக்கிறது. சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் பஸ் அதன் முன்னால்தான் நிற்கும். கடையை அகற்றப் போகிறார்கள் என்று இன்று கேள்விப்பட்டேன். அதன் பிறகுதான் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நாளை தோன் உலிசெஸிடம் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு எண்ணைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7

தோன் உலிசெஸ் பராசா எங்கள் பிரிவின் இயக்குநர். முப்பத்தொரு வருட சேவை. நான் உள்ளே போனபோது ரப்பர் முத்திரைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆணையில என்ன போட்டிருக்கு?" என்றார்.

"520-ஆம் கதவுன்னு."

"அப்ப வியாழன் எங்க இருக்கு?"

"474-ல இருக்கணும், தோன் உலிசெஸ்."

"எங்க இருக்கணும்னு நான் கேக்கல. எங்க இருக்கு?"

"520-ல."

"பாத்தியா, உனக்கே தெரிஞ்சிருக்கு." முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யாஸ்னா, நீ சின்னப் பொண்ணு, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஒரு தப்பைத் திருத்தினா, தப்பு நடந்துச்சுன்னு ஆயிரும். திருத்தாம விட்டா அது ஆணை. முப்பத்தொரு வருஷத்துல இந்தப் பிரிவுல ஒரு தப்புகூட நடக்கல. எப்படின்னு நினைக்கற?"

எழுத்துமூலம் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

பதிவு அறையில் ஓர்தென்சியா இருந்தார். நகராட்சிக்குள் வரும் எந்தக் காகிதமும் அவர் எண் போட்ட பிறகுதான் காகிதமாகும். என் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன? புகாரா, கோரிக்கையா, அழைப்பிதழா?"

"தவறுங்க."

"அந்தக் கட்டம் இல்லம்மா. மூணுதான் இருக்கு."

"அப்ப புகார்னு போடுங்க."

"புகார் குடிமக்கள்தான் குடுக்கலாம். நீ ஊழியர்."

"நான் குடிமகளும்தானே?"

"ஆறு மணிக்கு மேல."

"சரி, ஆறு மணிக்கு மேல வந்து குடுக்கறேன்."

"ரெண்டு மணிக்கே மூடிருவோம்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. "அழைப்பிதழ்னு போட்டு விடறேன். அதுதான் நேரா மேயர் மேசைக்குப் போகும், சீக்கிரமாவும் போகும்."

எண் 4,118. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9

மேயர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வியாழனின் இடமாற்றத்துக்கு அழைத்ததற்கு மேயர் மனமார்ந்த நன்றி தெரிவிக்கிறார், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளால் கலந்துகொள்ள இயலவில்லை, நிகழ்ச்சி சிறக்க வாழ்த்துகிறார்.

மதியம் மன்றக் கூட்டம். குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். பேசப்பட்டதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் மேயர் நிகானோர் பென்யாஃபியெல் பேசினார். "பதினெட்டு வருஷமா அந்தத் தொலைநோக்கிங்க நம்ம தலைக்கு மேல பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கீழ குனிஞ்சு நம்மளப் பாத்திருக்கா? இனிமே பாக்கும். ஏன்னா இனிமே இங்க பாக்கறதுக்கு ஏதோ இருக்கு." கைதட்டினார்கள். தொலைநோக்கிகளால் குனிய முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உருண்டைகளின் அளவு பற்றிய பேச்சு எழுந்தது. நூறு மீட்டர் கணக்கில் பூமி ஒரு கொண்டைக்கடலை அளவுதான் வரும். அதை ஜூன் மாதமே மேயர் நிராகரித்துவிட்டார் ("கடலை முன்னாடி நின்னு நான் ரிப்பன் வெட்டணுமா?"). உருண்டைகள் செய்ய ஒப்பந்தம் எடுத்தவர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். அவரிடம் ஒரே ஒரு அச்சுதான் உண்டு. அதனால் எல்லாக் கிரகங்களும் ஒரே அளவில் வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உச்சியில் மூடி உண்டு. ஓர் உறுப்பினர் இதைச் சுட்டிக்காட்டினார்.

"சான் எவாரிஸ்தோவுல எந்தக் கிரகமும் இன்னொண்ண விடப் பெருசில்ல," என்றார் மேயர். "இது என் அரசியல்." மறுபடியும் கைதட்டல்.

பிறகு பிரிவுகளின் ஆட்சேபங்கள். போக்குவரத்துப் பிரிவு: வெள்ளி பெரும்பாலான கிரகங்களுக்கு எதிர்த்திசையில் தன்னைத்தானே சுற்றுகிறது, பிரதான சாலையோ ஒருவழிப் பாதை, ஓட்டுநர்கள் குழம்புவார்கள். வெள்ளியைப் போக்குவரத்துத் திசையில் சுழலவிடத் தீர்மானம். ஆய்வுப் பிரிவு: யுரேனஸ் படுத்த நிலையில் வரையப்பட்டிருக்கிறது (வானத்திலும் அப்படித்தான்), இது அலட்சியமான வேலை. நிமிர்த்தி வைக்கத் தீர்மானம். நடைபாதைப் பிரிவு: சனியின் வளையம் நடைபாதையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. தெருப்பக்கத்துப் பாதியை அறுத்துவிடத் தீர்மானம்.

சட்ட ஆலோசகர் ஒரு படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "வியாழனோட விண்ணப்பத்துல, 'நிலத்தின் தன்மை'ங்கற இடத்துல, 'நிலம் இல்லை'ன்னு எழுதியிருக்கு. யாரு எழுதினது?"

கையைத் தூக்கினேன். "அது முழுக்க வாயு, ஐயா. நிக்கறதுக்குத் தரையே கிடையாது."

"தரை இல்லாத சொத்துக்கு அனுமதி குடுத்தா நாளைக்கு நான்தான் கோர்ட்டுல நிக்கணும். எதாவது ஒரு தரை போடுங்க."

களிமண் கலந்த மணல் என்று போட்டோம்.

புளூட்டோவுக்குத்தான் அதிக நேரம் ஆனது. எங்கள் பாடப்புத்தகத்தில் கிரகங்கள் எட்டு. புளூட்டோ குறுங்கோள் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். மன்றம் அதை ஏற்கவில்லை. எழுபத்தாறு வருடம் கிரகமாக இருந்த ஒருவரை முன்னறிவிப்பில்லாமல், ஒரு கூட்டத்தில் கைதூக்கி வெளியேற்றுவது எந்த ஊர் நியாயம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. "இருந்த இடத்துல இருக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அதை இந்த மன்றம் யாருக்கும் மறுத்ததில்ல." ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் புளூட்டோவின் இடம் பக்கத்து நகராட்சியின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் வருகிறது. எல்லைப் பேச்சுவார்த்தை முடியும்வரை அது பதிவு அறையில் இருக்கும். ஓர்தென்சியா அதன்மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுவைத்திருக்கிறார்.

ஒன்பதாவது பொருள்: 520-ஆம் கதவுக்கு எதிரே உள்ள தின்பண்டக் கடையின் உரிமத்தை ரத்து செய்தல். ஒவ்வொரு கிரகத்தைச் சுற்றியும் பத்து மீட்டருக்கு 'வியந்து நோக்கும் வட்டம்' இருக்க வேண்டும், அதற்குள் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. மாற்று இடம்: நெப்டியூன் அருகில். அகற்றும் நாள்: 16. விவாதம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது வினாடி.

ஆகஸ்ட் 10

விடுமுறை. காலை பஸ் போன பிறகு தோன்யா மெலானியாவின் கடைக்குப் போனேன். அறுபது வயதிருக்கும். பத்தொன்பது வருடமாக அதே இடத்தில் பூசணி மாவில் தட்டிப் பொரித்த சோபாய்பியாவும் தேநீரும் விற்கிறார். கடைசி வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா, நகராட்சி வந்துருச்சு," என்று அவரிடம் சொன்னார். "வாயத் துடைச்சுக்க, அதுக்கும் சீல் வெச்சிருவாங்க."

அவர் போகும்வரை நின்றேன். பிறகு என் தவறைச் சொன்னேன். நோட்டைத் திறந்து கணக்கையும் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீயா போட்ட?"

"ஆமா."

"அவ்வளவு பெரிய சூரியனை நட்டுட்டு, எங்க நட்டோம்னு மறந்துட்டீங்க?"

"கதவு எண்ணைப் பாத்துப் போட்டுட்டேன். எப்பவும் அப்படித்தான்…"

"எப்பவும் அப்படித்தான்." திருப்பிச் சொன்னார். "சரி, அந்த வியாழனுக்கு இங்க என்ன வேலை? அதுவும் ஷிப்டுக்கு பஸ் ஏறணுமா?"

நான் நோட்டை மூடினேன்.

"பஸ் இங்க மூணு நிமிஷம் நிக்குது, பொண்ணே. மூணே நிமிஷம். அதுக்குள்ள நாப்பது பேரு. அந்த மூணு நிமிஷந்தான் எனக்கு நாள். மிச்ச நேரம் நான் எண்ணெய வடிகட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நெப்டியூன் பக்கத்துல மாற்று இடம் ஒதுக்கியிருக்காங்க."

"அங்க யாரு இருக்கா?"

"இப்போதைக்கு யாருமில்ல."

"போகப் போக?"

"நெப்டியூன் சூரியனை ஒரு தடவை சுத்திவர நூத்தி அறுபத்தஞ்சு வருஷம் ஆகும்," என்றேன். இதை எதற்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. அதுக்குள்ள எண்ணெய் காஞ்சிரும்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "என் முன்னாடி நின்னு அழுதுறாத. எனக்கு நேரமில்ல."

"நான் அழல."

"அதான் பாக்கறேன். ஒரு சொட்டாவது வருதான்னு. வரல." ஒரு சோபாய்பியாவைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். "தின்னு. நகராட்சிக்குள்ள போனவங்க எல்லாரும் ஒரு வருஷத்துல இப்படித்தான் ஆயிடறாங்க."

நான் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. சோபாய்பியா சூடாக இருந்தது. நாக்கு சுட்டது. அதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 13

அகற்றுவதற்கு முன் இடச் சான்றிதழ் ஒன்று வேண்டுமாம். வரைபடத்தில் 'தயாரித்தவர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நிரப்ப வேண்டும். தோன் உலிசெஸ் படிவத்தை என் மேசையில் வைத்தார். இரண்டே கட்டம்.

"சூரியனிலிருந்து தூரம்: 520-னு போடு. அந்தத் தூரத்துல காணப்படும் பொருள்: நீல நிறக் கடை ஒன்று. முடிஞ்சது. பதினோரு பிரதி."

பேனாவை எடுத்தேன். கீழே சிறிய எழுத்தில் 'நாடாவால் நேரில் அளந்து எழுதினேன்' என்று அச்சடித்திருந்தது. அந்த வரியை நான்கு முறை படித்தேன். எனக்கு வேறு ஒரு சந்தேகமும் இருந்தது. நாற்பத்தாறு மீட்டர் என்பதே தவறாக இருந்தால்? எல்லாரும் ஒரு பக்கம் இருக்க, நான் ஒருத்தி மட்டும் மறுபக்கம் இருக்கும்போது, தவறு பெரும்பாலும் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. அளந்து பார்த்துவிட்டால் நிம்மதியாக 520 என்று போட்டுவிடலாம்.

அலுவலகத்தில் ஒரு நாடா உண்டு. கண்ணாடி அலமாரியில், சொத்து எண்ணோடு இருக்கிறது. சாவி போன வருடம் ஓய்வுபெற்றவரிடம். மாலை வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் ஐம்பது மீட்டர் நாடாவைக் கேட்டு வாங்கினேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். தோன்யா மெலானியாவிடம் போய் நின்றேன்.

"அளந்து என்ன செய்யப் போற?"

"தெரியல. அளக்கணும்."

கடையைப் பூட்டிவிட்டு ஏப்ரனோடு வந்தார். நீரூற்றின் உள்ளே இறங்கி, சூரியனின் அடியில் நாடாவின் முனையை மிதித்துக்கொண்டு நின்றார். டாக்ஸி ஓட்டுநர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"என்ன தோன்யா, சூரியனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் ஒருவர்.

"உங்க மரத்த விட்டுக் குடுத்திருந்தா நான் ஏன்டா இந்தக் குழிக்குள்ள நிக்கறேன்?"

 அவர்களில் ஓர் ஓட்டுநர் எழுந்து வந்து, ஐம்பது மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே எங்களோடு நடந்தார்.

நீரூற்றிலிருந்து கடை வரை: 566 மீட்டர். திரும்பி வரும்போதும் அளந்தேன். 566. நீரூற்றிலிருந்து 520 மீட்டரில், 474-ஆம் கதவுக்கு எதிரே காணப்பட்ட பொருள்: வர்ணம் பூசிய தகரப் பலகை ஒன்று, இரண்டு இரும்புக் கால்களில்.

முதல் கட்டத்தில் 520 என்றே எழுதினேன். 520 மீட்டரில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவது கட்டத்தில் கண்டதை எழுதினேன். 'நாடாவால் நேரில் அளந்து எழுதினேன்' என்பதன் கீழே கையெழுத்திட்டேன். பதினோரு பிரதி.

தோன் உலிசெஸ் பதினொன்றையும் வாங்கி, முத்திரை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். "சுத்தமான வேலை," என்றார்.

ஆகஸ்ட் 16

காலை ஒன்பது மணிக்கு அகற்றும் லாரி வந்தது. மேற்பார்வையாளர் விளாதிமிர், மூன்று ஆட்கள். 'தயாரித்தவர்' உடனிருக்க வேண்டும் என்பது விதி. நான் நின்றேன்.

தோன்யா மெலானியா கடையின் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். லாரி அவரைத் தாண்டிப் போகாமல் அருகிலேயே நின்றது. விளாதிமிர் இறங்கிக் காகிதத்தைப் படித்தார். கடையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் படித்தார்.

"இது தகரப் பலகை இல்லியே," என்றார் என்னிடம்.

"இல்ல."

"வர்ணம் பூசினது, ரெண்டு இரும்புக் கால். அது எங்க?"

கையைக் காட்டினேன். லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன்.

பலகையின் கீழே நின்று ஆட்களில் ஒருவர் மேலே பார்த்தார். "அண்ணே, இது மேயரு."

"மேயருன்னு எனக்கும் தெரியுது."

"இதையா எடுக்கணும்?"

"பேப்பர்ல மேயருன்னு இருக்கா? தகரப் பலகைன்னு இருக்கு. உலிசெஸ் கையெழுத்து இருக்கு. முத்திரை இருக்கு. நான் பதினஞ்சு வருஷமா பேப்பர்ல இருக்கறதத்தான் எடுக்கறேன். பேப்பர்ல இல்லாதத எடுத்து ஒரு தடவை ஆறு மாசம் வீட்டுல உக்காந்தேன். கால அறுங்கடா."

கால்களை அறுக்க இருபது நிமிடம் ஆனது. மேயரை மல்லாக்கப் படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி கடையைத் தாண்டிப் போகும்போது தோன்யா மெலானியா கையைக் கட்டியபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

மதியம் மேயர் அலுவலகத்திலிருந்து பலகையைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கிடங்கிலிருந்து எதை வெளியே எடுக்கவும் பாதிக்கப்பட்டவரின் புகார் தேவை. அதைப் பதிவு அறையில் கொடுக்க வேண்டும். மேயர் ஊழியரா குடிமகனா என்று ஓர்தென்சியா சட்டப் பிரிவிடம் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 19

அவசரக் கூட்டம். குறிப்பெடுக்க நான்.

மேயர் நின்றுகொண்டே பேசினார். "என் மூஞ்சிக்காக நான் பேசல. ஒரு மூஞ்சி போனா இன்னொண்ணு அச்சடிக்கலாம். அறிவியலுக்காகப் பேசறேன். ஒரே நகராட்சியில ரெண்டு சூரியன் இருக்க முடியுமா? ஆணையில ஒண்ணு, நீரூத்துல ஒண்ணு? எது பொய்யி? ஆணை பொய்யா இருக்க முடியாது, அதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

மலைமேல் இருக்கிற வானியலாளர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். ஒரே வரியில் பதில் வந்திருந்தது: சூரியன் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அளக்கவும். சட்ட ஆலோசகர் அதைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "இது அபிப்பிராயம். இதுக்கு எண் இல்ல."

சூரியனை டாக்ஸி ஸ்டாண்டுக்கு நகர்த்திவிடலாம் என்றார் ஓர் உறுப்பினர். ஓட்டுநர் சங்கத்தின் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது. கிரகங்களை நாற்பத்தாறு மீட்டர் இந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்கு விதி எண் 31 நிறைவேறியது. இன்றே அமலுக்கு வருகிறது. அனைத்துச் சட்ட நோக்கங்களுக்கும் சூரியன் டாக்ஸி ஸ்டாண்ட் முனையில் இருப்பதாகக் கருதப்படும். நீரூற்றில் இருப்பது அதன் அலங்காரப் பிரதி. ஓட்டுநர் சங்கம் இதனால் தங்கள் நிழல் பாதிக்கப்படாது என்று உத்தரவாதம் கேட்டது. எழுதிக் கொடுத்தார்கள். மேயர் எழுந்து எல்லோருடைய கையையும் குலுக்கினார். என் கையையும். அவர் கை மிகவும் மென்மையாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் தோன் உலிசெஸ் என்னை நடைவழியில் நிறுத்தினார். அவருக்குக் கோபம் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தவறு நடந்திருக்கிறது, அது எதில் நடந்தது என்று இன்னும் அவருக்குத் தெளிவாகவில்லை.

"நாளைக்கு ரெண்டாம் அளவு. நீதான் அளக்கணும். தயாரிச்சவர்னு உன் பேர்தான் இருக்கு, மாத்தறதுன்னா பழைய வரைபடமும் மாத்தணும், அது ஆகாது. கடை 520-ல வரணும். வந்துச்சுன்னா உன் செப்டம்பர் ஒப்பந்தம் என் மேசையில தயாரா இருக்கு."

"வரலேன்னா?"

"வரும் யாஸ்னா. சட்டப்படி வரும். நீ சும்மா நாடாவப் பிடிச்சுக்க."

"கடைய எப்ப எடுப்பாங்க?"

"சான்றிதழ் கையெழுத்தானதும். லாரிக்குச் சொல்லியாச்சு, சாயங்காலத்துக்குள்ள."

மாலை வகுப்பில் தேர்வு. பள்ளியும் நகராட்சியைச் சேர்ந்ததுதான். நான்காவது கேள்வி: சான் எவாரிஸ்தோவில் சூரியன் எங்கே உள்ளது? ஆசிரியர் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பதிலையும் எழுதி வைங்க. எதுக்கு மார்க்குன்னு எனக்கே நாளைக்குத்தான் தெரியும்" என்றார். அருகிலிருந்தவள் இரண்டையும் எழுதினாள். நான் வெகுநேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் எழுதினேன். தவறாக இருக்கலாம்.

வரும் வழியில் தோன்யா மெலானியாவிடம் விதி 31 பற்றிச் சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், செப்டம்பர் ஒப்பந்தம் உட்பட. அவர் கேலி எதுவும் செய்யவில்லை. காலைக்கு வேண்டிய பூசணியை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தார். நாளை பஸ்ஸுக்கு வேண்டியது. நாளை மறுநாளுக்கு வேண்டியதும் ஒரு பாத்திரத்தில் தனியாக இருந்தது.

"நாளைக்கும் நாடாவப் பிடிக்க ஆள் வேணும்ல?" என்றார்.

"வேணும்."

"வரேன். ஆனா முன்னாடியே சொல்லிரு, அங்க வந்து நின்னு முழிக்க முடியாது. நான் எங்க நிக்கணும்? டாக்ஸி ஸ்டாண்டுலயா, குழிக்குள்ளயா?"

காலையில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்கு இப்போதும் பயமோ கோபமோ தோன்றவில்லை. இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

நாளைய வேலை: காலை பத்து மணி, இரண்டாம் அளவு. பள்ளி நாடா, சுண்ணாம்பு, படிவம் பதினோரு பிரதி. தோன்யா மெலானியாவை நீரூற்றுக்குள் நிற்கச் சொல்ல வேண்டும்.